ஒரு பூனையின் இதயமும் நமது குடும்ப வரலாறும்

எங்கள் வீட்டுப் பூனை மினு செத்துப்போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். வயது மூன்று. கொழும்பிலிருந்து மாமா கொண்டுவந்து தந்த சாம்பல் நிறப் பேர்சியன் கலப்பு. முதல் நாள் இரவு வழக்கம்போல் மீன் தலை தின்றது; உம்மாவின் தையல் மெஷினுக்கு அடியில் படுத்து உறங்கியது. காலையில் சமையலறை ஜன்னல் தட்டிலிருந்து கீழே குதித்தது. குதித்த இடத்திலேயே பக்கவாட்டில் சாய்ந்தது. ஒருமுறை கால்களை நீட்டியது. அவ்வளவுதான். தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு நான் ஓடிப்போய்த் தூக்குவதற்குள் கழுத்துத் தொங்கிவிட்டது.

எங்கள் வீடு ஹட்டன் நகரின் விளிம்பில், தேயிலை மலை தொடங்கும் இடத்தில் இருக்கிறது. பின்வேலிக்கு அப்பால் ஒரு பழைய லயம். அதன் கடைசிக் காம்பராவில் இருக்கும் அக்கா தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். லயத்துக்குப் பின்னால் லீக்ஸும் கரட்டும் போட்டிருந்தார். எலித் தொல்லைக்காக அவர் மருந்து வைப்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே உம்மாவின் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையே, "அவதான் நஞ்சு வச்சிருக்கா" என்பதாக இருந்தது. அன்று பின்னேரம் வேலியோரம் நின்று கேட்டும் விட்டார்.

"வாயில்லாத ஜீவனுக்கு நான் ஏம்மா நஞ்சு வைக்கப் போறேன்?" என்று அக்கா அழுதார். அதன் பின்னர் எட்டு மாதங்கள் இரு வீட்டுக்கும் பேச்சில்லை. பெருநாளைக்குப் போகும் சாப்பாடும் போகவில்லை, தீபாவளிக்கு வரும் பலகாரமும் வரவில்லை.

எட்டு மாதங்களுக்குப் பின் வேறொரு பூனைக்குத் தடுப்பூசி போடுவதற்காக மிருக வைத்தியரிடம் போனபோது மினுவின் கதையைப் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் ஊசியை மேசையில் வைத்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டார். வாந்தி எடுத்ததா? வாயில் நுரை வந்ததா, உடல் நடுங்கியதா? அதற்கு முந்திய வாரங்களில் விளையாடிய பிறகு வாயைத் திறந்து மூச்சு வாங்கியதுண்டா? முதல் இரண்டுக்கும் இல்லை என்றேன். மூன்றாவதற்கு யோசிக்க வேண்டியிருந்தது. ஆமாம், நூல் உருண்டையைத் துரத்திய பிறகு நாய்க்குட்டி மாதிரி இளைக்கும். நாங்கள் பார்த்துச் சிரிப்போம்.

"பூனை அப்படி இளைக்கக்கூடாது டீச்சர். புதைத்துவிட்டீர்கள், இனி நிச்சயமாக ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் இளம் பூனை ஒன்று குதித்த இடத்திலேயே விழுந்து செத்தால் நான் முதலில் நினைப்பது நஞ்சை அல்ல, இதயத்தை. அதுவும் பெரும்பாலும் பிறவியிலேயே எழுதப்பட்டு வந்ததாக இருக்கும்."

ஒவ்வொரு வருடமும் தரம் 11 மாணவியருக்கு மெண்டலின் பட்டாணிச் செடியைப் படிப்பிக்கிற எனக்கு, அந்தப் பாடம் என் சமையலறைத் தரையில் செத்துக் கிடந்தது தெரியவில்லை. அந்த வெட்கத்தில் தேடி வாசித்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

இதயம் ஒரு பம்பி என்பது சிறு வகுப்பிலேயே நாம் படித்தது. ஆனால் அது மின்சாரத்தில் ஓடும் பம்பி. வலது சோணையறையின் சுவரில் உள்ள ஒரு சிறு கணுவில் மின்தூண்டல் பிறந்து, ஒழுங்கான பாதையில் இறங்கி, இதயவறைகளின் தசையைச் சேர்ந்தாற்போல் சுருங்க வைக்கிறது. இந்த ஒழுங்கு கெட்டால் இதயவறை சுருங்காமல் வெறுமனே நடுங்கத் தொடங்கும். நடுங்கும் இதயம் இரத்தத்தைத் தள்ளாது. சில வினாடிகளில் மூளைக்கு இரத்தம் போகாமல் நினைவு தப்பும். சில நிமிடங்களில் உயிர் போகும். திடீர் இதய மரணம் பெரும்பாலும் இப்படித்தான் நிகழ்கிறது. மனிதரில் மாரடைப்பு என்றதும் நாம் நினைக்கும் அடைபட்ட இரத்தக்குழாயும் கொழுப்பும் நாய் பூனைகளில் மிக அரிது. அவற்றில் தசையோ, மின்பாதையோ, இரத்தம் வெளியேறும் வாயிலோ பழுதாகியிருக்கும். அந்தப் பழுதுகளில் பல, தாய் தந்தையிடமிருந்து வந்தவை.

பூனையிலிருந்து தொடங்குவோம். பூனைகளில் மிகப் பரவலான இதய நோய், இடது இதயவறையின் சுவர் தடித்துப்போவது. சுவர் உள்நோக்கித் தடிக்கும்போது அறைக்குள் இடம் குறைகிறது. தசை விறைத்து, இரத்தம் நிரம்புவதற்குத் தளர மறுக்கிறது. தடித்த தசையினூடே மின்தூண்டல் நேராகப் போகாமல் சுற்றிச் சுழலும்போது மேலே சொன்ன நடுக்கம் வரலாம். இன்னொரு ஆபத்தும் உண்டு: விரிந்துபோன இடது சோணையறையில் தேங்கும் இரத்தம் உறைந்து, கட்டியாகிப் பெருநாடி வழியே போய், பின்கால்களுக்குப் பிரியும் இடத்தில் அடைத்துக்கொள்ளும். அப்போது பூனை அலறும், பின்கால்களை இழுத்துக்கொண்டு போகும், பாதம் குளிர்ந்திருக்கும். "யாரோ அடித்து இடுப்பை உடைத்துவிட்டார்கள்" என்று நம் ஊரில் சொல்லப்படும் பூனைகளில் சில இந்த வகையாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் மட்டுமே.

வெளித்தோற்றத்தில் நலமாயிருந்த பூனைகளைப் பரிசோதித்த ஓர் ஆங்கில ஆய்வில், நூற்றுக்கு ஏறத்தாழ 15 பூனைகளுக்கு இப்படிச் சுவர் தடித்திருந்தது. பயப்பட வேண்டாம், அவற்றில் மிகப் பலவும் ஒரு தொல்லையும் இல்லாமல் முழு ஆயுளும் வாழ்கின்றன. எந்தப் பூனை விழும் என்று முன்கூட்டிச் சொல்வதுதான் கடினம்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலிருந்து வந்த, 'மெய்ன் கூன்' எனப்படும் பெரிய, நீண்ட உரோமமுள்ள பூனை இனம் ஒன்று உண்டு. அந்த இனத்துப் பூனைகளில் இந்நோய் குடும்பம் குடும்பமாக வருவதைக் கலிபோர்னியாவின் மார்க் கிட்டில்சனும் அவரது குழுவினரும் 1999 இல் எழுதினார்கள். தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தாலே போதும். குட்டிகளில் ஆண் பெண் வேறுபாடின்றி வந்தது. வகுப்பில் நாம் 'ஆட்சியான இயல்பு' என்று படிப்பது இதைத்தான். 2005 இல் கத்ரின் மியூர்ஸ் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் அந்தப் பரம்பரையலகையே கண்டுபிடித்தார்கள். பெயரைத் தமிழில் எழுதுவதென்றால் எம்.வை.பி.பி.சி.3. வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் நினைவில் வைத்திருங்கள், இந்தக் கட்டுரையில் இன்னொரு முறை வரும்.

இந்தப் பரம்பரையலகு ஒரு புரதத்துக்கான குறிப்பு. இதயத் தசைக் கலங்களுக்குள் அக்தின், மயோசின் என்னும் இழைகள் ஒன்றன்மீதொன்று வழுக்குவதால்தான் சுருக்கம் உண்டாகிறது. மயோசின் இழையைக் கொளுவி பிடித்தாற்போல் பற்றி, அது எவ்வளவு வேகமாக இழுக்கலாம் என்று கட்டுப்படுத்துவது 'மயோசின் பிணைப்புப் புரதம் சி'. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த மாலை அது. மெய்ன் கூன் பூனைகளில் டி.என்.ஏ. எழுத்து ஒன்றே ஒன்று மாறியிருக்கிறது: 'ஜி' இருக்க வேண்டிய இடத்தில் 'சி'. அதனால் மாலையின் 31 ஆவது மணியில் அலனீன் இருக்க வேண்டிய இடத்தில் புரோலீன் வந்து உட்காருகிறது. புரோலீன் மாலையை வளைத்துவிடும் இயல்புடையது. வளைந்த கொளுவி சரியாகப் பிடிக்காது. தையல் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சட்டையில் ஒரு கொளுவி பிசகினால் முழுச் சட்டையும் எப்படி இழுபடும் என்பது உங்களுக்குத் தெரியும்.

2007 இல் 'ராக்டோல்' என்ற இன்னொரு இனப் பூனையிலும் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கும் அதே பரம்பரையலகுதான். ஆனால் மாறியிருந்தது 820 ஆவது மணி. இரு இனங்களிலும் தனித்தனியே நேர்ந்த விபத்து அது.

பரீட்சையில் இப்படி ஒரு கேள்வி வந்தால் நீங்கள் என்ன எழுதுவீர்கள்? விகாரமுள்ள ஒரு பிரதியைக் காவும் ஆண் பூனையும், குறையற்ற பெண் பூனையும் சேர்ந்து நான்கு குட்டிகள் ஈன்றால் எத்தனைக்கு விகாரம் இருக்கும்? "இரண்டு" என்று எழுதினால் நான் அரைப் புள்ளிதான் தருவேன். ஒவ்வொரு குட்டிக்கும் நாணயம் தனியாகச் சுண்டப்படுகிறது. நான்கிலும் தலை விழலாம், ஒன்றிலும் விழாமலும் போகலாம். அதைவிட முக்கியமானது, விகாரம் இருப்பதும் நோய் இருப்பதும் ஒன்றல்ல. மெய்ன் கூன் பூனைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இந்த விகாரத்தைக் காவுகிறது. ஒரு பிரதி மட்டும் உள்ள பூனைகளில் பலவற்றுக்கு நோய் வருவதே இல்லை. இரு பெற்றோரிடமிருந்தும் ஒவ்வொன்றாக இரண்டு பிரதிகள் பெற்ற பூனைக்கே நோய் இளமையில், கடுமையாக வருகிறது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்தெடுத்து விகாரத்தைப் பார்க்கும் பரிசோதனை வந்த பின்னர், காவும் பூனைகளை எல்லாம் இனவிருத்தியிலிருந்து ஒரேயடியாக விலக்கிவிடலாமே என்று சிலர் கேட்டார்கள். மூன்றில் ஒன்றை விலக்கினால் மிஞ்சுபவை நெருங்கிய உறவுகளாகவே இருக்கும். வேறு மறைந்த குறைகள் மேலே வரும். ஆகவே இரண்டு பிரதி உள்ளவற்றை மட்டும் நிறுத்தி, ஒரு பிரதி உள்ளவற்றைக் குறையற்றவற்றோடு சேர்ப்பதே நிதானமான வழி என்பது பலரது கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

எங்கள் மினு மெய்ன் கூன் அல்ல. பேர்சியன் பூனைகளிலும் இந்த நோய் அறியப்பட்டதே. ஆனால் இந்த விகாரங்களுக்குரிய பரிசோதனை எங்கள் கலப்புப் பூனைக்கு எதையும் சொல்லியிருக்காது.

நம் வீடுகளில் நாய் வளர்ப்பது குறைவு. ஆயினும் மலையகத்தில் நாயைக் காணாமல் ஒரு நாளும் கழியாது. லயத்து வாசலில் ஒன்று, தொழிற்சாலை வாசலில் ஒன்று, பங்களாக் கேற்றுக்குள் உறுமிக்கொண்டு இரண்டு. இந்த மலைக்குச் சீமை நாய் வந்த கதையும் பழையதுதான். சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1848 இல் நுவரெலியாவில் குடியேறி விவசாயம் தொடங்கியபோது வேட்டை நாய்களையும் கப்பலில் கொண்டுவந்தார். அவற்றைக் கூட்டிக்கொண்டு ஹோர்ட்டன் சமவெளி வரை மரை வேட்டையாடியதை 1854 இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். அவருக்குப் பின் வந்த துரைமாரும் தத்தம் நாய்களைக் கொண்டுவந்தார்கள். துரைமார் போய்விட்டார்கள், பங்களாக் காவலுக்கு 'அல்சேஷன்' வைக்கும் வழக்கம் போகவில்லை.

'அல்சேஷன்' என்று நாம் சொல்லும் ஜேர்மன் ஷெப்பர்ட் நாய்களில் விசித்திரமான ஒரு பரம்பரை நோய் உண்டு. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்னி மொய்ஸ் என்ற பெண் வைத்தியர் 1994 இல் இதை விளக்கினார். இதயத்தைத் திறந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. தசை நன்றாக இருக்கும், வால்வு நன்றாக இருக்கும். மின் ஒழுங்கு மட்டும் கெட்டிருக்கும். பெரும்பாலான மரணங்கள் 4 மாதத்துக்கும் 8 மாதத்துக்கும் இடையில், அதுவும் ஓடும்போதல்ல, உறக்கத்தில் நிகழ்கின்றன. ஒன்றரை வயதைத் தாண்டிவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இரவு நன்றாகக் குரைத்த குட்டி விடிய விறைத்துக் கிடந்தால் தோட்டத்தில் என்ன சொல்வார்கள்? "பாம்பு தீண்டிருச்சு", "எவனோ பொறாமையில வச்சுட்டான்". சில வேளை அது உண்மையாகவும் இருக்கும்.

பொக்ஸர் நாய்க்கு வேறு விதம். அதன் வலது இதயவறைத் தசை சிறிது சிறிதாக அழிந்து, அந்த இடத்தைக் கொழுப்பும் நாரும் பிடித்துக்கொள்கின்றன. கொழுப்பில் மின்சாரம் ஓடாது. எசமானைக் கண்ட மகிழ்ச்சியில் துள்ளும்போது நாய் மயங்கி விழும், எழுந்து வாலாட்டும், இன்னொரு நாள் எழாது. 2010 இல் மியூர்ஸ் குழுவினரே 'ஸ்ட்ரையாட்டின்' என்ற பரம்பரையலகில் 8 எழுத்துகள் விடுபட்டிருப்பதை இதனோடு தொடர்புபடுத்தினார்கள். டோபர்மன் நாயில் இதயம் பலூன் போல விரிந்து தளர்கிறது. ஐரோப்பிய ஆய்வொன்றில் டோபர்மன்களில் பாதிக்கும் மேற்பட்டவை வாழ்நாளில் இதற்கு ஆளாயின. ஒரு பரம்பரையலகை மட்டும் காட்டி இதை விளக்க முடிவதில்லை. நியூபவுண்ட்லாந்து, கோல்டன் ரெட்ரீவர் போன்றவற்றில் பெருநாடி தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நார்த்தசை வளையமொன்று இருந்து, இரத்தம் வெளியேறும் வாயிலைக் குறுக்குவது உண்டு.

ஏன் இனத்துக்கு ஒரு நோய்? 1873 இல் லண்டனில் கென்னல் கழகம் தொடங்கியது. 'சுத்த இனம்' என்றால் தாயும் தந்தையும் பதிவேட்டில் உள்ளவையாக இருக்க வேண்டும் என்ற வழக்கம் உறுதிப்பட்டது. கதவு சாத்தப்பட்டது. கண்காட்சியில் பரிசு பெற்ற ஓர் ஆண் நாய்க்கு நூற்றுக்கணக்கான குட்டிகள் பிறக்கும். அந்த ஒன்றின் உடலில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் அந்தப் பிழைக்கும் நூற்றுக்கணக்கான பிரதிகள். அழகான காதையும் நேரான முதுகையும் தெரிந்தெடுத்தவர்கள், கூடவே ஒட்டிக்கொண்டு வந்ததைப் பார்க்கவில்லை. இதய நோய் பெரும்பாலும் குட்டி போட்டு முடிந்த வயதில்தான் வெளிப்படுகிறது என்பதும் ஒரு காரணம். லயத்து நாய்க்கு ஊர் முழுக்க உறவு. அதற்கும் இதய நோய் வரும். ஆனால் ஒரே பிழை இரு பக்கத்திலிருந்தும் வந்து சேரும் வாய்ப்புக் குறைவு. அதைக் கொல்ல மலையில் வேறு காரணங்கள் போதியளவு உண்டு: சிறுத்தை, பன்றிக்கு வைத்த கம்பி, உண்ணிக் காய்ச்சல், வளைவில் வரும் பஸ்.

நஞ்சைப் பற்றிச் சில வார்த்தைகள். எலி மருந்துகளில் பலவும் இரத்தம் உறைவதைத் தடுப்பவை. தின்ற உடனே கொல்லுவதில்லை. சில நாட்கள் எடுக்கும். சோர்வு வரும், ஈறு வெளுக்கும், மூக்கிலோ மலத்திலோ இரத்தம் காணப்படும். தோட்டப் பயிர்களுக்கு அடிக்கும் சில பூச்சிநாசினிகள் விரைவானவை; ஆனால் எச்சில் வடியும், தசை துடிக்கும், வாந்தியும் வலிப்பும் வரும். ஒரு துள்ளலின் நடுவில், ஒரு சத்தமுமில்லாமல் சில வினாடிகளில் முடிந்துபோவது நஞ்சின் வழக்கமான பாணி அல்ல. உறுதியாக அறிய ஒரே வழி, உடலை அறுத்துப் பார்ப்பது. நம் நாட்டில் மிருக வைத்திய பீடம் உள்ள ஒரே பல்கலைக்கழகம் பேராதனை; ஹட்டனிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம்தான். மிருக வைத்தியரிடம் முதலில் பேசி, உடலைக் குளிரில் வைத்து (உறைய வைக்காமல், உறைந்தால் கலங்கள் சிதைந்து நுணுக்குக்காட்டியில் ஒன்றும் தெரியாது) விரைவாகக் கொண்டுபோக வேண்டும். எங்களுக்கு இது தெரியவில்லை. கொய்யா மரத்தடியில் குழி தோண்டினோம்.

வைத்தியர் சொன்னதை அன்றிரவே உம்மாவிடம் சொன்னேன். உம்மா நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் காலையில் ஒரு தட்டில் வட்டிலப்பம் வைத்து மூடிக்கொண்டு வேலிப் பக்கம் போனார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வரும்போது தட்டில் ஒரு கட்டு லீக்ஸ் இருந்தது.

வீட்டில் பூனை இருக்கும் மாணவியருக்கு ஒரு செயற்பாடு. பூனை ஆழ்ந்து உறங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். நலமான பூனைக்குப் பொதுவாக 30 இற்குக் குறைவாக இருக்கும். பல நாட்கள் தொடர்ந்து அதற்கு மேல் இருந்தால், அல்லது விளையாடியபின் வாயைத் திறந்து இளைத்தால், மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். கனவு காணும்போது எண்ணாதீர்கள். மீசை துடிக்கும், மூச்சும் தாறுமாறாக இருக்கும்.

இனிப் பெற்றோருக்கு. எம்.வை.பி.பி.சி.3 என்ற அந்தப் பெயர் மறுபடியும் வரும் என்றேன். அதே பரம்பரையலகு நம் இதயத்திலும் இருக்கிறது; அதே கொளுவிப் புரதத்தைச் செய்கிறது. 1958 இல் லண்டனில் டொனால்ட் டியர் என்ற வைத்தியர், இளவயதில் திடீரென இறந்தவர்களின் இதயங்களை அறுத்துப் பார்த்து, சுவர் தடித்திருப்பதை விவரித்தார். இன்று 500 பேரில் ஒருவருக்கு இந்த நிலை இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். மனிதரில் இந்நோய்க்குக் காரணமாக மிக அடிக்கடி அகப்படும் பரம்பரையலகுகளில் ஒன்று, பூனையில் பார்த்த அதுவேதான்.

2009 இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தண்டபாணி, ஹைதராபாத்தின் குமாரசாமி தங்கராஜ் ஆகியோரும் வேறு பலரும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எம்.வை.பி.பி.சி.3 இல் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு வடிவம், இந்திய உபகண்ட வம்சாவளியினரில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேரிடம் இருக்கிறது. அது இதயத் தசை நோயோடும் இதயச் செயலிழப்போடும் தொடர்புடையது என்பதே அவர்கள் கண்டது. நம் பாட்டன் பூட்டன் எந்தக் கரையிலிருந்து எந்தத் தோணியில் வந்திருந்தாலும், அந்த உபகண்டத்து மக்களில் நாமும் சேர்த்தி. பின்னர் வந்த ஆய்வுகள் இதைச் சற்றுத் திருத்தின: விடுபட்ட வடிவம் மட்டும் உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை, அதே பரம்பரையலகில் கூடவே இருக்கும் வேறு மாற்றங்களையும் பொறுத்தது. பூனைக்குச் சொன்னதுதான் இங்கும். காவுவது வேறு, நோய் வேறு. ஆகவே யாரும் பதறி இரத்தப் பரிசோதனைக்கு ஓட வேண்டாம். ஆனால் ஒரு கேள்வியை வீட்டில் கேளுங்கள். நம் குடும்பத்தில் இளவயதில், காரணம் தெரியாமல், திடீரென யாராவது மௌத்தானார்களா?

மயக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலைக் கூட்டத்தில் வெயிலில் நெடுநேரம் நின்று, சாப்பிடாமல் வந்த பிள்ளை கண் இருண்டு விழுவது பெரும்பாலும் பயப்படத் தேவையில்லாத மயக்கம். ஓடிக்கொண்டிருக்கும்போதே, முன்னறிவிப்பு எதுவுமின்றி விழுவது வேறு. அதைக் கண்ணூறு என்று ஓதிப் பார்த்து மட்டும் விட்டுவிடக்கூடாது. ஓதுங்கள், வைத்தியரிடமும் கொண்டுபோங்கள். ஈ.சி.ஜி.யும் எக்கோவும் வலியில்லாத பரிசோதனைகள், ஊசிகூட இல்லை. நோய் இருப்பது தெரிந்தால் மருந்து உண்டு, கடும் விளையாட்டைத் தவிர்க்கலாம், ஆபத்து அதிகமானவர்களுக்கு நெஞ்சில் பொருத்தும் சிறு கருவியும் உண்டு. சொந்தத்தில் கலியாணம் முடிப்பதால்தான் இது வருகிறது என்று சிலர் நினைக்கிறார்கள். இரு பக்கத்திலிருந்தும் வர வேண்டிய பின்னிடைவான நோய்களுக்கு அது பொருந்தும். இது ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதுமான வகை; அந்நியத்தில் முடித்தாலும் வரும்.

இதையெல்லாம் வாசித்த பிறகு நானும் உம்மாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "உங்கட சாச்சா இருக்கிறாரே" என்றார். வாப்பாவின் தம்பி. 38 வயதில், கடைக்கு முன்னால் லொறியிலிருந்து மூட்டை இறக்கும்போது விழுந்தவர். "மாரடைப்பு" என்று எழுதிக்கொடுத்தார்கள். சிகரெட் இல்லை, சீனி இல்லை, பிரஷர் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த கதை; ஒருவரும் அதை வைத்து ஒன்றும் கேட்கவில்லை. வாப்பாவும் நானும் தம்பியும் எக்கோ எடுத்தோம். மூவருக்கும் குறையில்லை என்றார்கள்.

ஆனால் முதலில் பார்க்கப்பட வேண்டியவர்கள் நாங்கள் அல்லவே, சாச்சாவின் பிள்ளைகள். சாச்சி ஒரு வருடம் மறுத்தார். "ரெண்டு பொம்புளப் புள்ளைகளை வச்சிருக்கேன். நெஞ்சு வருத்தக்காரக் குடும்பமெண்டு பேரெடுத்தா யாரு மாப்பிள்ளை தருவாங்க?" அவருடைய பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. உம்மா போனார், நான் போனேன், பிறகு வாப்பா போனார். கடைசியில் கடந்த மாதம் சம்மதித்தார். இதை எழுதவும் அவரே அனுமதி தந்தார், பெயர் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு.

கிளினிக் திகதி அடுத்த மாதம். இளையவள் இந்த வருட இல்ல விளையாட்டுப் போட்டியில் 800 மீற்றர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள். எக்கோ முடியும்வரை ஓடுவதில்லை என்று பெயரை எடுத்துவிட்டு, விளையாட்டுப் பொறுப்பாசிரியையிடம் காரணத்தைத் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறாள்.